இருநூறு பேர் என்று அத்தை எழுதியது

அத்தை இறந்து பத்து மாதம் கழித்து அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருஷத் திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு அட்டை அடிக்கப் போகிறாராம். முன்பக்கம் படம், பின்பக்கம் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்.

"நீ எழுதித் தா தம்பி. அம்மாகிட்ட ரொம்பப் பேசிக்கிட்டிருந்தது நீதான்" என்றார்.

சரி என்றேன். போனை வைப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். "வேலையைப் பத்தி மட்டும் ஒண்ணும் வேண்டாம். அரசுப் பணியில் இருந்தார்னு ஒரு வரி போதும். பிறந்த ஊரு, வளர்ந்த விதம், சமையல், சாமி பக்தி, அந்த மாதிரி எழுது."

நான் அப்போது கண்டெய்னர் யார்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் போகிற லாரிகளின் எண்ணைப் பதிகிறது என் வேலை. அன்றைக்கு இரண்டு லாரிகளின் எண்ணை மாற்றிப் பதிந்து, மேலாளரிடம் ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்தால் ஒரு வரி ஓடவில்லை. அத்தைக்குச் சமைக்க வராது. அவர் வைக்கிற புளிக்குழம்பை அவரே பாதியில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாமியென்று பார்த்தால், கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றுக்கும் போனார். மூன்றுக்கும் வேலையாகத்தான் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸ் உளவுப் பிரிவில் இருந்த பெண்மணி. அதை எடுத்துவிட்டால் அட்டையில் படம் மட்டும்தான் மிஞ்சும்.

அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பணிக்காலத்தின் கடைசியில் தன் அம்மா யாரிடமோ கை நீட்டி வாங்கிக்கொண்டு பொய் அறிக்கை எழுதினாள், அதனால்தான் தூக்கியடித்தார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் மாமியார் வீட்டிலும் அதே பேச்சு. பொய் அறிக்கை எழுதியது உண்மை. வாங்கியது பொய். அந்த அறிக்கை எப்படிப் பொய்யானது என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் மட்டுமே இருக்கிறார்கள். அதற்கு வழி சொல்லிக் கொடுத்தவன் நான். ஆறு வருஷமாக இதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று என் அம்மாவிடம் சொன்னேன். உப்பளத்திலிருந்து வந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அவ உயிரோட இருக்கும்போது சொல்லாததை இப்ப எதுக்குத் தோண்டுத? சொன்னா, பொய் சொல்லி வாங்கின தண்ணிக் குழாய்னு பிடுங்கிட்டுப் போயிருவாவ."

"குழாயை எவன்ம்மா பிடுங்குவான்?"

"நீ படிச்சவன், உனக்குத் தெரியாது. குடுக்கத்தான் ஆறு மாசம். பிடுங்க அரை நாள் போதும்."

அத்தை எங்களுக்கு உறவு கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போது தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். பொருநை ஆற்றங்கரையில் நெல் விளையும் ஒரு ஊர் அவருக்கு. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகள். மகள் அப்போது சாயர்புரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸில் கிளார்க் என்று சொல்லித்தான் வீடு எடுத்தார். தெரு அதை ஒரு வாரம் நம்பியது.

முதலில் சந்தேகப்பட்டது எதிர்வீட்டு மதினி. அவளும் அம்மாவும் ஒரே உப்பளத்தில் வேலை. "ஏளா, எல்லாரும் போஸ்டரை மேல இருந்துதான பாப்பாவ. இவ அடியில இருந்து வாசிக்கா" என்றாள். அது உண்மை. சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டினால் அத்தை முதலில் குனிந்து, எந்த அச்சகத்தில் அடித்தது என்ற பொடி எழுத்தைத்தான் பார்ப்பார். தலைவர் படமெல்லாம் பிறகுதான். அடுத்த வாரம் தொழிற்சங்கக் கூட்டத்தில் அம்மா அவரைப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் கடற்கரைச் சர்ச் திருவிழாவில் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்ததை மதினி பார்த்தாள். அம்மன் கொடையிலும் பள்ளிவாசல் கந்தூரியிலும்கூட அவரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

"மூணு சாமிக்கும் போறவ ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல சி.ஐ.டி.யா இருக்கணும். பைத்தியம் இவ்வளவு நல்லா சேலை கட்டாது" என்று மதினி முடித்துவிட்டாள்.

வேறு தெருவாக இருந்தால் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் பேச்சைக் கூட்டினார்கள். தெருவிளக்கு எரியாமல் நாலு மாதம். திங்கள்கிழமை மனு நாளில் இரண்டு தடவை மனு கொடுத்தாயிற்று. மூன்றாவது தடவை அம்மா ஆபீஸ் பக்கம் போகவில்லை. அடிபம்பில் அத்தை குடம் வைத்திருக்கும்போது பக்கத்தில் போய் நின்று, மதினியைப் பார்த்துச் சொன்னாள். "இந்த இருட்டுல ஒரு பொம்பளப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெருவே துறைமுக ரோட்டுல போய் உக்காந்துரும், என்ன மதினி?" மதினி, "உக்காராம?" என்றாள். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது.

அதிலிருந்து எங்கள் தெருவுக்கு அதுவே வழக்கமானது. கொசு மருந்து, பஸ் நிற்காதது, ரேஷன் கடைக்காரன் வாய், எல்லாம் அத்தையின் காதில் போடப்பட்டன. அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? "உங்க அம்மா என்னைய மனுப்பெட்டி ஆக்கிட்டாளே" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. உள்ளதைத்தான் அவர் காதில் போட வேண்டும். இல்லாததைப் போடக் கூடாது. ஏனென்றால் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

நான் அவர் வீட்டுக்குப் போனது பேப்பர் படிக்க. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. காகிதம் எங்கே கிடந்தாலும் அங்கே போய் நின்றுவிடுகிற புத்தி எனக்கு. அத்தை வீட்டில் தினமும் ஏழு பேப்பர் வரும். அவர் கால் நீட்டி உட்கார்ந்து ஏழையும் பார்ப்பார். பார்த்து முடித்ததை என் பக்கம் தள்ளுவார். நடுநடுவே பேசுவார். ஊர், பேர், வருஷம் எதுவும் இல்லாமல்தான் பேசுவார். "ஒரு ஊர்ல ஒரு ஆளு" என்று தொடங்குவார். கேட்டு முடித்த பிறகும் எந்த ஊர், எந்த ஆள் என்று தெரியாது.

போலீஸில் சேரும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கைக்குழந்தை. பரேடில் நன்றாக ஓடுவாராம். ஆனால் ஒரு அதிகாரி அவரைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவைப் பார்த்தா யாருக்கும் நம்ம சொந்தக்காரப் பொண்ணு மாதிரி இருக்கு. யூனிஃபார்ம் வேண்டாம்" என்று உளவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். யூனிஃபார்மில் எடுத்த போட்டோ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத்திலிருந்துதான் தகவல் சொல்ல வேண்டும். பூத்துக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் எல்லாக் கூட்டமும் கல்யாணமாகிவிடும். "பொண்ணு வீட்டுல நூறு பேர் வந்திருக்காவ சித்தி. மாப்பிள்ளை நல்லாப் பேசினாரு. சாப்பாடு முடிஞ்சு அமைதியா கலைஞ்சிட்டாவ." ஒரு பூத்துக்காரர், "என்னம்மா உங்க குடும்பத்துல வாரத்துக்கு மூணு கல்யாணம்?" என்று கேட்டுவிட, மறுநாளே வேறு பூத் பார்த்தாராம்.

கடற்கரையில் யார் படகு எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று பார்க்கிற வேலை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறார். விடிகாலையில் மீன் ஏலத்தில் கூடையோடு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கண் ஒரு படகின் மேல் இருந்தது. முகத்தில் ஈ உட்கார்ந்ததென்று தலையை ஆட்டினார். ஏலக்காரர் அவர் பேரில் முடித்துவிட்டார். ஒரு பெரிய கூடை சாளை. வேண்டாம் என்றால் ஏன் வந்தாய் என்ற கேள்வி வரும். தூக்கி வந்து அந்தத் தெரு முழுக்கக் கொடுத்தாராம். "அந்தப் படகுல வந்தவனுக்கும் நாலு மீன் குடுத்தேன்" என்பார்.

இன்னொரு கதை. ஒரு கல்யாண வீட்டில் ஒரு ஆளைக் கவனிக்க அனுப்பியிருந்தார்கள். போனதும் யாரோ ஒரு பிள்ளையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மணி நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றார். அது யார் பிள்ளையென்று பார்த்தால், இவர் கவனிக்க வந்த ஆளின் பேத்தி. அந்த ஆளே வந்து, "பாவம், உக்காரு தாயி" என்று நாற்காலி போட்டுப் பாயசம் வாங்கிக் கொடுத்தார். "என்ன எழுதினீங்க அத்தை?" என்று கேட்டேன். "வந்தாரு, சாப்பிட்டாரு, போனாருன்னு எழுதினேன். பாயசம் குடுத்ததை எழுதல. அது எனக்குக் குடுத்தது."

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் பகல் முழுக்க ஏதோ கூட்டத்தில் நின்றுவிட்டு வந்து, கால் வலிக்கிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு கூட்டம் என்று கேட்டேன். முந்நூற்றுப் பத்து என்றார். எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்றேன்.

"தலையை எண்ணினா உதடு அசையும்லே. உதடு அசைஞ்சா மாட்டிக்கிடுவோம். மண்டபத்துக்கு வெளிய செருப்பைக் கழட்டிப் போட்டிருப்பாவல்லா, அதை எண்ணணும். குனிஞ்சு நிக்கவ செருப்பைத் தேடுதான்னுதான் நினைப்பாவ. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாவ." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதை எங்க ஆபீஸ்லகூட எவனுக்கும் சொன்னதில்ல. இப்ப என்னமோ உன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் அதை அன்றைக்கு அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துச் சொன்னேன்.

உப்பளத்தில் குடிதண்ணீர் கிடையாது. வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோகிற தண்ணீர் பத்து மணிக்குக் கொதித்துப்போகும். பகல் முழுக்க உப்பு வாருகிறவர்களுக்கு அது எந்த மூலைக்கு? ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மதினிக்குச் சிறுநீரில் கல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உப்பளச் சாலைக்கு ஒரு குழாய், ஒரு தகரக் கொட்டகை. இது இரண்டும்தான் கேட்டார்கள். மனு எழுதியது நான். மூன்று மனுவுக்கும் பதில் இல்லை. அத்தையின் காதிலும் போட்டார்கள். அவரும் எழுதியிருக்கிறார். ஆனால் மேலே இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்களாம். நாற்பது பெண்கள் என்றால் காகிதம் அடியில் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். துறைமுகச் சாலையில் உட்காருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய. முந்தின நாள் அம்மாவும் மதினியும் எங்கள் வீட்டு வாசலில் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது பேருக்கு மேல வர மாட்டாளுவ. பாதிப்பேருக்குப் பயம்."

"நாப்பதுன்னு சி.ஐ.டி. அக்கா எழுதினா ஒண்ணும் நடக்காது."

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அத்தை ஆளை எண்ண மாட்டாங்க. செருப்பைத்தான் எண்ணுவாங்க" என்றேன். பெரிய விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்கிற ஆசை. அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர்கள் யோசித்தார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் மூன்று தெருவில் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பெல்லாம் நாலு உரச்சாக்கில் வந்து சேர்ந்தன. வார் அறுந்தது, ரப்பர் செருப்பு, துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பூட்ஸ், குளியலறைச் செருப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ. மதினியின் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடி, தெருவெல்லாம் ஏசிவிட்டு, வெறுங்காலோடு போனார். மொத்தம் நாற்பத்திரண்டு பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். வாசலில் இருநூறு ஜோடிக்குமேல் கிடந்தது.

நான் வாசலுக்கு உள்பக்கம் ஜன்னல் ஓரத்தில் நின்றேன். அத்தை வந்தார். நீலப் புள்ளி போட்ட சேலை. செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். எண்ணுகிறார் என்று நினைத்தேன். எண்ணவில்லை. சின்னதாக ஒரு கறுப்பு ஷூ மேலாகக் கிடந்தது. ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பிள்ளையின் ஷூ. அதைக் கால் பெருவிரலால் குவியலுக்கு அடியில் தள்ளினார். பக்கத்தில் கிடந்த பூட்ஸையும் தள்ளினார். அதற்குமேல் தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வந்து பெண்களோடு பாயில் உட்கார்ந்தார்.

ஏன் தள்ளினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை என்று எழுதலாம். அது பொய். புரிந்தது. பெண்கள் கூட்டத்து வாசலில் அவை கிடந்தால் பொய் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. கூடவே தாசில்தார் வந்தார். இருநூறு பெண்கள் துறைமுகச் சாலையில் உட்கார்ந்தால் லாரி எத்தனை மைல் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் குழாய் வந்தது. கொட்டகையும் வந்தது. தெருவில் பாயசம் வைத்தார்கள். அத்தைக்கும் ஒரு தூக்கில் கொடுத்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு இரண்டு இடத்திலிருந்து ஆள் வருவார்கள். ஒருவருக்கு மற்றவர் எழுதுவது தெரியாது. மேலே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு ஆள் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து வெளியே வந்த தலைகளை எண்ணி நாற்பது என்று எழுதியிருக்கிறார். அத்தைக்கு இது தெரியாதா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இரண்டில் ஒரு அறிக்கையை எழுதி வந்தவர் அவர். தெரிந்துதான் இருநூறு என்று எழுதினார்.

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பிறகு மாற்றல் வந்தது. தெற்கே கடற்கரையில் ஒரு சோதனைச் சாவடி. வர வேண்டிய பதவி உயர்வும் நின்றுபோனது. வேனில் சாமான் ஏற்ற நான்தான் போனேன். பேப்பர்க் கட்டுகளைத் தூக்கி வைத்தேன். அவரே சொன்னார்.

"கண்ணு சரியாத் தெரியல, எண்ணிக்கை தப்பிட்டுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். ஏமாற்றினார்கள் என்று எழுதியிருந்தால் அம்மா, மதினி எல்லார்மேலும் வழக்கு வந்திருக்கும். அவர் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எண்ணுகிற வித்தையை அவர் சொன்ன ஒரே ஆள் நான். குவியலைப் பார்த்த நொடியிலேயே யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேன் கிளம்பும்போது, "பரீட்சையை ஒழுங்கா எழுது" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து விருப்ப ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தார். அதற்குள் ஆபீஸில் பேச்சு வேறாகிவிட்டது. கண் தெரியாமல் நாற்பது இருநூறு ஆகுமா, சங்கத்துக்காரர்களிடம் வாங்கியிருப்பாள் என்று. கூட வேலை பார்த்த ஒருவரின் மனைவி, அக்காவின் மாமியாருக்குத் தூரத்து உறவு. எட்டயபுரத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம் அந்த மாமியாருடையது. பேச்சு அங்கே போய்ச் சேர்ந்தது. அக்காவின் பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தபோது அத்தை போகவில்லை. கால் வலி என்று எங்களிடம் சொன்னார்.

அந்த வருஷங்களில் எனக்கு எத்தனை சந்தர்ப்பம் இருந்தது என்று இப்போது நினைத்தால் உட்கார முடியவில்லை. ஏழு பேப்பர் இரண்டாகக் குறைந்திருந்தது. ஒரு நாள் அவர் கண்ணாடி போடாமல் பொடி எழுத்து ஏல அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இல்லாமலே படிக்கிறீங்களே அத்தை" என்றேன்.

"எனக்கு என்னைக்குலே கண்ணு கெட்டுச்சு?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சொல் என்று சொல்கிற பார்வை அது. நான், "பால் வாங்கணும், அம்மா சொன்னா" என்று எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு எட்டு மாதம் இருந்தார். நெஞ்சுவலி. ஒரே நாள்.

அட்டைக்கு மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சமையலைப் பற்றி எழுதினால் எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை எட்டயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பை நான் சொன்னது, சாக்கு வந்தது, ஷூவைத் தள்ளியது, கண் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தது. அவர் சிவப்புப் பேனாவை மூடாமலே கையில் வைத்திருந்தார். விரலெல்லாம் மை.

"ஆறு வருஷமா?" என்றார்.

"ஆமாக்கா."

"காதுகுத்துக்கு நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன். தெரியுமா உனக்கு? போன்ல சொன்னேன். மாமியார் வீட்டுக்காரவ வாய் சும்மா இருக்காது, நீ வராதன்னேன். சரிம்மான்னு வச்சிட்டா." பேனாவை மூடி வைத்தார். "நீ ஒரு போன் பண்ணியிருந்தா போதும்லா. அவ இருக்கும்போதே."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அட்டை வேண்டாம். இதை எழுதி எடுத்துட்டுத் திதிக்கு வந்து, எங்க வீட்டுக்காரவ எல்லாருக்கும் முன்னால வாசி. உங்க தெருவுல இருந்து அந்தப் பொம்பளையளையும் கூட்டிட்டு வா. எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போனா, எனக்கு மட்டும்தான் தெரியும்."

அம்மா வர மாட்டேன் என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதினி வந்து, "குழாய் போனா போகட்டும்ளா. அவ காசு வாங்கினாள்னா சொல்லுதாளுவ? நான் வாரேன்" என்றாள். அம்மா உடனே, "நீ மட்டும் போய் என்ன பேசுவ? நானும் வாரேன்" என்றாள். பதினோரு பேர் வேனில் போனோம்.

படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஐயர் எழுந்து போனபிறகு அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாசித்தேன். வரி மாறி மாறிப் போனது. ஷூவைத் தள்ளிய இடத்தில் கடைக்குள்ளிருந்து அக்காவின் வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றார். முடித்தேன். அக்காவின் மாமியார்தான் கேட்டார்.

"அப்பம் சம்பந்தி ஒண்ணும் வாங்கலைங்கியா?"

என்னிடம்தான் கேட்டார். ஆனால் அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்ககிட்ட என்னம்மா இருந்துச்சு, வாங்க? சாக்கைத் தலையில தூக்கிட்டு வந்தது நான். இந்த மதினி ஒரு சாக்கு. பிழைப்புக்கு வெயில்ல நிக்கவளுவ ஒரு வாய்த் தண்ணிக்காகச் செஞ்சோம். அவிய எங்களைக் காட்டிக் குடுத்திருக்கலாம். குடுக்கல. நீங்க பேசுததா இருந்தா எங்களைப் பேசுங்க."

மதினி, "பாயசம் குடுத்தோம். அதையும் சேத்து எழுதுலே" என்றாள். யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. "இலையைப் போடுங்க" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, அம்மாவின் இலையில் இரண்டாவது தடவை சோறு வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வேனில் வரும்போது பெண்கள் ரொம்ப நேரம் பேசினார்கள்.

கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வந்தார். நான் வாசித்த காகிதத்தைக் கேட்டு வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முகம் இன்னும் என் பக்கம் சரியாகத் திரும்பவில்லை.

"அந்தச் சோதனைச் சாவடியில அம்மா ரெண்டு வருஷம் எங்க தங்கினா? யாரு சமைச்சா?"

"தெரியாதுக்கா. நான் கேக்கவே இல்ல."

"நானும் கேக்கல." வேனுக்குள் அம்மா என் பேரைச் சொல்லி ஏறச் சொன்னாள். அக்கா இன்னும் கொஞ்சம் நின்றார். "வார ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்கா உனக்கு? நான் பஸ்ல தூத்துக்குடி வந்துருதேன். அங்கிருந்து சாவடிக்குப் போய்ப் பார்ப்போம். பக்கத்துல யாராவது இருப்பாவல்லா, அவளைத் தெரிஞ்சவங்க."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு இருந்தது. மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.